தடை செய்ய வேண்டியது விமானத்தையா, நம் அவசரத்தையா?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். வீட்டில் ஒன்பதாம், பத்தாம் ஆண்டு படிக்கும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு கடற்கரையில் நடந்தது இப்போது ஊருக்கே தெரியும். பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் மூன்று பேர், தாங்களே ரெஜிபோமில் வெட்டி ஒட்டிச் செய்த ரிமோட் விமானம் ஒன்றை ஏற்றினார்கள். ஆறேழு விநாடிதான் பறந்தது. ஒரு பக்கமாகச் சரிந்து, பாய் விரித்துக் குடும்பமாக உட்கார்ந்திருந்தவர்கள் பக்கம் வந்து மண்ணில் குத்தியது. மடியில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு சகோதரிக்கும் அதற்கும் இடையில் இரண்டு முழம் கூட இல்லை. அல்லாஹ் காப்பாற்றினான். அல்ஹம்துலில்லாஹ்.

அன்றிரவே வட்ஸ்அப் குழுமங்கள் கொதித்தன. "கடற்கரையில இதுகள விடுறத அடியோட நிப்பாட்டணும்." "வாப்பாமார் என்ன செய்றாங்க?" "இந்த சேர்மார்தான் பிள்ளைகளுக்கு இதெல்லாம் பழக்கிக் குடுக்கிற." கடைசியாகச் சொன்னது என்னைத்தான். எனக்குக் கோபமில்லை. அந்த மூன்று பிள்ளைகளில் இருவருக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் நான். விமானம் ஏன் பறக்கிறது என்பதைக் கரும்பலகையில் கீறிக் காட்டியவனும் நான்தான்.

வருகிற ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் நிர்வாகம் இதைப் பற்றிப் பேச இருப்பதாக அறிகிறேன். அதற்கு முன் என் கருத்தைச் சொல்லிவிட வேண்டும். தடை வேண்டாம். ஆனால் இப்போது நடக்கிற மாதிரியும் நடக்க வேண்டாம். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அதைச் சொல்லாமல் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதியில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஒரு விமானம் செய்தோம். வகுப்பறை மேசையில் வைத்துப் பற்றரியைக் கொடுத்தேன். புரொப்பெல்லர் கழற்றப்படவில்லை. ரிமோட்டை மேசை ஓரத்தில் நிமிர்த்தி வைத்திருந்தேன். யாரோ மேசையில் இடித்தார்கள், ரிமோட் குப்புற விழுந்தது, மோட்டாருக்குரிய குச்சி மேலே தள்ளுப்பட்டது. விமானத்தின் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்த மாணவனின் வலது கையில் இரண்டு விரல்கள் கிழிந்தன. ஏழு இழை போட்டார்கள். மூன்று கிழமை அவனால் பேனை பிடிக்க முடியவில்லை. அவனுடைய உம்மா என்னிடம், "சேர், உங்கள்ல ஒரு குத்தமும் இல்ல, அல்லாஹ்ட நாட்டம்" என்றார். அந்தத் தாயின் பெருந்தன்மை அது. உண்மை என்னவென்றால் குற்றம் என்னுடையதுதான். புரொப்பெல்லரைக் கழற்ற அரை நிமிடம் போதும். நான் கழற்றவில்லை.

இந்த விளையாட்டில் நடக்கும் விபத்துகளைப் பார்த்தால் பெரும்பாலானவை இப்படித்தான். புதிதாக எதுவும் நடப்பதில்லை. அதே ஏழெட்டுப் பிழைகள்தான் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஏறுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் தடுக்கக் கூடியவைதான் அவற்றில் அநேகம்.

"ரெஜிபோம்தானே சேர்" என்பவர்களுக்கு ஒரு கணக்கு

நான் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. ரெஜிபோம் மெதுவானது, பட்டால் என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம். பத்தாம் ஆண்டுப் பிள்ளையே செய்யக்கூடிய கணக்கைப் போட்டுப் பாருங்கள். இயக்கசக்தி என்பது திணிவின் அரைவாசியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குவது. மோட்டார், பற்றரி எல்லாம் சேர்த்து ஒரு கிலோ நிறையுள்ள விமானம் மணிக்கு 54 கிலோமீற்றரில், அதாவது விநாடிக்கு 15 மீற்றரில் வந்தால் 112 யூலுக்கு மேல். 160 கிராம் கிரிக்கெட் பந்து மணிக்கு 100 கிலோமீற்றரில் வந்தால் ஏறக்குறைய 62 யூல். ஹெல்மட் போடாமல் அந்தப் பந்துக்கு முன் உங்கள் பிள்ளையை நிறுத்துவீர்களா? இது அதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. போதாததற்கு முன்னால் இரும்பு மோட்டார் அச்சு நீட்டிக்கொண்டிருக்கிறது.

புரொப்பெல்லரைப் பாருங்கள். 10 அங்குலப் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 8000 சுற்றுச் சுற்றினால் அதன் நுனி மணிக்கு ஏறக்குறைய 380 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. எரிபொருளில் ஓடும் சின்ன இயந்திரம் எதிலாவது முட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும். மின்மோட்டார் அப்படியல்ல. தடை வந்தால் இன்னும் அதிக மின்னோட்டத்தை இழுத்துச் சுற்றப் பார்க்கும். விரல் பட்டாலும் விடாது.

ஆகவே முதல் சட்டம். வீட்டிலோ வகுப்பிலோ பற்றரி கொடுத்து எதைப் பரிசோதித்தாலும் புரொப்பெல்லர் கழன்றிருக்க வேண்டும். மைதானத்தில் பற்றரி கொடுத்த பிறகு புரொப்பெல்லருக்கு முன்னாலோ, அது சுற்றும் தளத்துக்குப் பக்கவாட்டிலோ யாரும் நிற்கக் கூடாது. பின்னாலிருந்துதான் கையாள வேண்டும். ரிமோட்டை ஒருபோதும் நிமிர்த்தி வைக்க வேண்டாம், படுக்க வைக்க வேண்டும். மோட்டாரைப் பூட்டும் சுவிட்ச் பல ரிமோட்டுகளில் உண்டு. இருந்தால் அதைப் போட்டு வைக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை உண்மையில் என்ன நடந்தது?

மறுநாள் அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஏசாமல், உடைந்த விமானத்தை மேசையில் வைத்துப் பேசினேன். முதல்நாள் இரவு ஒரு சேர்வோ பழுதாகியிருக்கிறது. செட்டையின் பின்விளிம்பில் உள்ள அசையும் துண்டை ஆட்டும் சின்ன மோட்டார் அது. கழற்றிப் புதியதைப் பூட்டினார்கள். பழையது இருந்த பக்கத்துக்கு மாறாகத் திருப்பிப் பூட்டிவிட்டார்கள். அதனால் குச்சியை இடப்பக்கம் தள்ளினால் விமானம் வலப்பக்கம் சரியும். தரையில் துண்டு அசைந்தது, அதைப் பார்த்துத் திருப்திப்பட்டார்கள். எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்க்கவில்லை.

ஏறியதும் காற்றில் சற்று வலப்பக்கம் சரிந்தது. பிள்ளை திருத்துவதற்காகக் குச்சியை இடப்பக்கம் தள்ளினான். இன்னும் சரிந்தது. பயந்து இன்னும் தள்ளினான். மிச்சம் உங்களுக்குத் தெரியும். அவன் சரியாகத்தான் ஓட்டினான். விமானம்தான் பிழையாகப் பூட்டப்பட்டிருந்தது.

இதைக் கண்டுபிடிக்க இருபது விநாடி போதும். விமானத்துக்குப் பின்னால் நின்று குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது செட்டையின் துண்டு மேலெழ வேண்டும், இடது செட்டையின் துண்டு கீழிறங்க வேண்டும். குச்சியைத் தன் பக்கம் இழுத்தால் வாலின் கிடைத்துண்டு மேலெழ வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏற்றுவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். நேற்றுச் சரியாக இருந்தது என்பது இன்றைக்குச் சான்றல்ல.

நம் பிள்ளைகள் விடும் மற்றப் பிழைகள்

1. நிறைச் சமநிலை பார்க்காமல் ஏற்றுவது. செட்டையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் நாலில் ஒன்றுக்கும் மூன்றில் ஒன்றுக்கும் இடைப்பட்ட இடத்தில் இரண்டு பக்கமும் விரல் வைத்துத் தூக்கிப் பாருங்கள். சாதாரண விமானம் அங்கே சமநிலையில் நிற்க வேண்டும். மூக்குக் கொஞ்சம் கனத்தால் பறப்பது சோம்பலாக இருக்கும், ஆனால் இறக்கலாம். வால் கனத்தால் பழகியவருக்கும் கட்டுப்படாது. பற்றரியை இரண்டு விரற்கடை முன்னுக்கு நகர்த்தினாலே தீரும் விஷயம் இது.

2. முதல் விமானமாகப் போர் விமானம் செய்வது. யூடியூபில் பார்த்து ஆசைப்படுகிறார்கள். பழகுவதற்கு ஏற்றது, செட்டை உடலுக்கு மேலே இருப்பதும், இரண்டு பக்கமும் சற்று மேல்நோக்கி வளைந்திருப்பதுமான மெதுவான விமானம். குச்சியை விட்டால் அது தானாகவே நேராகப் பார்க்கும். போர் விமான வடிவம் பிழையை மன்னிக்காது.

3. விமானம் தன்னை நோக்கி வரும்போது தடுமாறுவது. போகும்போது வலது வலதுதான். முகத்தை நோக்கித் திரும்பி வரும்போது நமக்கு இடது வலது மாறித் தெரியும். பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் வழி ஒன்றுதான்: எந்தச் செட்டை தாழ்கிறதோ, அது உன் பார்வைக்கு எந்தப் பக்கம் தெரிகிறதோ, அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளு. வாங்கு கொடுப்பது போல. அது நிமிர்ந்துவிடும்.

4. தாழ்வாகவும் மெதுவாகவும் திருப்புவது. காற்றோடு சேர்ந்து போகும்போது விமானம் மிக வேகமாகப் போவதாகக் கண்ணுக்குத் தெரியும். பிள்ளை பயந்து மோட்டாரைக் குறைத்து, மூக்கைத் தூக்கித் திருப்புவான். ஆனால் செட்டைக்குத் தேவையானது காற்றுக்குச் சார்பான வேகம். அது போதாமற் போனால் செட்டையின் தூக்குவிசை விட்டுவிடும். உயரம் இருந்தால் மீட்கலாம். தென்னை மர உயரத்தில் அது நடந்தால் நேரம் இருக்காது. பழகும்போது மூன்று தென்னை உயரத்துக்கு ஏறிய பிறகுதான் திருப்ப வேண்டும். ஏற்றுவதும் இறக்குவதும் எப்போதும் காற்றுக்கு எதிராக.

5. ரிமோட்டையும் பற்றரியையும் முன்பின்னாகக் கொடுப்பது. முதலில் ரிமோட், மோட்டார்க் குச்சி கீழே இருக்கிறதா என்று பார்த்து, பிறகு பற்றரி. முடியும்போது முதலில் பற்றரியைக் கழற்றி, கடைசியாக ரிமோட். மாறிச் செய்தால் விமானம் யாருடைய கட்டளையும் இல்லாமல் உயிரோடு இருக்கும்.

6. தொடர்பு அறுந்தால் என்ன நடக்கும் என்று பார்க்காமல் விடுவது. புரொப்பெல்லரைக் கழற்றி, பற்றரி கொடுத்து, மோட்டாரைக் கொஞ்சம் ஓடவிட்டு ரிமோட்டை நிறுத்துங்கள். மோட்டார் நிற்க வேண்டும். நிற்காவிட்டால், தொடர்பு அறுந்த நாளில் அது கடைசியாகக் கிடைத்த கட்டளையோடு எங்கே போய் முட்டுமோ அல்லாஹ்தான் அறிவான். அதை ரிமோட்டிலும் ரிசீவரிலும் சரிசெய்யாமல் ஏற்றவே கூடாது.

7. கூட்டத்தைச் சுற்றி நிற்க விடுவது. கூட்டாளிமார் எல்லோரும் போனைப் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்பார்கள். பார்ப்பவர்கள் எல்லோரும் ஓட்டுபவனுக்குப் பின்னால். விமானம் எப்போதும் அவனுக்கு முன்னால். தலைக்கு மேலாலும் வேண்டாம், முதுகுக்குப் பின்னாலும் வேண்டாம்.

பற்றரி, விமானத்தை விட ஆபத்தானது

தாய்மார் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும், ஏனென்றால் இது வீட்டுக்குள் இருக்கிறது. இந்த விமானங்களில் போடுவது லித்தியம் பொலிமர் பற்றரி. நிறைய சக்தியை ஒரே நேரத்தில் தரக்கூடியது. பிழையாக சார்ஜ் பண்ணினால், குத்துப்பட்டால், நசுங்கினால் தீப்பற்றும். அந்தத் தீ கொஞ்சமாக எரிவதில்லை, சீறிக்கொண்டு எரியும்.

ஒரு செல் நிறைந்தால் 4.2 வோல்ட். அதற்கு மேல் ஏறக் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் கூடாது. அதற்கென்றே உள்ள, செல்களைச் சமப்படுத்தும் சார்ஜரில்தான் போட வேண்டும். 2200 மில்லி அம்பியர்-மணி பற்றரிக்கு 2.2 அம்பியர் போதும். அவசரத்துக்குக் கூட்டி வைக்க வேண்டாம். கட்டிலில், மெத்தையில், தலையணைக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். சீமெந்துத் தரையிலோ டைல்ஸிலோ வைத்து, பக்கத்தில் ஒரு வாளி மண் வைத்து, முழித்திருந்து பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மட்டும் போட வேண்டும். இரவு போட்டுவிட்டு சுபஹுக்கு எழும்பிக் கழற்றுவது நம் வீடுகளில் போனுக்குப் பழகிய பழக்கம். இதற்கு அது கூடாது.

பற்றரி உப்பியிருந்தால் அதன் காலம் முடிந்தது. "இன்னும் ஒரு தரம்" என்று போட வேண்டாம். விழுந்த விமானத்தின் பற்றரியை உடனே வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வெளியே, எரியும் பொருள் இல்லாத இடத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பாருங்கள். வெயிலில் நிற்கும் ஓட்டோவுக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். குப்பையோடு சேர்த்து எரிக்கவே கூடாது.

கச்சானும் கடலும்

இது எனக்குப் புரொப்பெல்லரை விடப் பயம்.

மே மாதம் தொடங்கி ஆகஸ்ட் வரை நம் பக்கம் கச்சான் காற்று. தரையிலிருந்து கடலுக்கு வீசும். பற்றரி இறங்கினாலோ மோட்டார் நின்றாலோ விமானம் காற்றோடு கடலுக்குள் போய் விழும். மாதக்கணக்கில் காசு சேர்த்துச் செய்த விமானம் அலைக்கு அப்பால் மிதப்பதைப் பார்க்கும் பதினைந்து வயதுப் பிள்ளை என்ன செய்வான்? இறங்குவான். நம் கடலின் ஆழத்தையும் இழுவையையும் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எத்தனை ஜனாஸா தொழுதிருக்கிறோம். ரெஜிபோமுக்காக ஒரு ஜனாஸா வேண்டாம்.

விமானத்தைக் காற்று வரும் பக்கமாகவே வைத்திருந்தால் மோட்டார் நின்றாலும் நம்மை நோக்கித்தான் வரும் என்பது இந்த விளையாட்டின் பாலபாடம். ஆனால் கச்சான் காலத்தில் கடற்கரையில் காற்று வரும் பக்கம் என்றால் வீடுகளும், றோட்டும், உட்கார்ந்திருக்கும் சனமும். ஆகவே இந்தக் காலத்தில் கடற்கரையில் விடுவதற்கு நல்ல பக்கம் என்று ஒன்றே இல்லை. காலையில் கடல் பக்கம் பார்த்து விட்டால் சூரியன் நேரே கண்ணில் விழும். விமானம் எங்கே என்றே தெரியாது.

இதற்கு ஏற்ற இடம் அறுவடை முடிந்த வட்டை. சனம் இல்லை, விழுந்தாலும் மெதுவான மண், நாலு பக்கமும் வெளி. காணிக்காரரிடம் கேட்டுக்கொண்டு போனால் போதும். மின்கம்பி போகாத பக்கமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். விமானம் மின்கம்பியில் சிக்கினால் கம்பு, தடி, ஈரக் கயிறு எதையும் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். 1987க்கு அழைத்து மின்சாரப் பகுதியினருக்குச் சொல்லுங்கள். அவர்கள் வந்து எடுத்துத் தரவில்லையென்றால் அங்கேயே கிடக்கட்டும்.

சட்டமும், நாம் கடந்து வந்ததும்

தடை கேட்கும் சகோதரர்களில் சிலரின் பயம் விபத்தைப் பற்றியது மட்டுமல்ல என்பது எனக்குத் தெரியும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு நாம் எப்படி இருந்தோம் என்பதை யாரும் மறக்கவில்லை. வீட்டில் கிடந்த பழைய வயரையும் பற்றரியையும் பார்த்தே பயந்த நாட்கள் அவை. அந்த மாதம் 25ஆம் திகதி நாடு முழுவதும் ட்ரோன்களும் ஆளில்லா விமானங்களும் பறப்பது இடைநிறுத்தப்பட்டது. அந்த நினைவோடு இருக்கும் ஒரு வாப்பா, தன் மகன் பையில் மோட்டார், வயர், பற்றரி, ரிமோட் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவதைப் பார்த்துப் பதறுவது நியாயம்தான். அந்தப் பதற்றத்தைக் கேலி செய்பவனல்ல நான்.

ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து ஒளித்துச் செய்வதல்ல, வெளிப்படையாகச் செய்வது. வானத்தில் எதைப் பறக்கவிட்டாலும் அதைப் பற்றிப் பேச வேண்டிய இடம் சிவில் விமான சேவைகள் அதிகார சபை. வெளிநாட்டிலிருந்து ரிமோட் போன்ற வானொலிக் கருவிகளை எடுப்பதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அங்கீகாரம் வேண்டும். ஒன்லைனில் வந்த சாமானைச் சுங்கத்தில் தேடி அலைந்த பிறகு இதைக் கேட்பதை விட முதலே கேட்பது நல்லது. விமான நிலையம், படைமுகாம் பக்கம் நினைக்கவும் வேண்டாம். கெமரா பூட்டவும் வேண்டாம். அது பக்கத்து வீட்டு முற்றத்தைப் பார்க்கும் கண், நம் மார்க்கமும் அதை விரும்பாது. பாடசாலைக் கடிதத் தலைப்பில் அதிகார சபைக்கு எழுதிப் பதில் எடுத்து, பொலிஸுக்கும் கிராம சேவகருக்கும் அறிவித்துவிட்டுச் செய்தால் யாருக்கும் சந்தேகத்துக்கு இடமிருக்காது. அந்தக் கடிதத்தை எழுதும் பொறுப்பை நான் ஏற்கிறேன். இதுவரை எழுதாமல் இருந்ததும் என் பிழைதான். பதில் வரும் வரை எங்கள் விமானங்கள் மேசையில்தான் இருக்கும்.

இப்னு பிர்னாஸின் வால்

நம் பக்கங்களில் அடிக்கடி ஒரு பதிவு சுற்றும். ரைட் சகோதரர்களுக்கு ஆயிரம் வருடத்துக்கு முன்பே பறந்தவர் ஒரு முஸ்லிம், அந்தலூசியாவின் அப்பாஸ் இப்னு பிர்னாஸ் என்று. நாமும் "மாஷா அல்லாஹ்" போட்டு அனுப்புகிறோம். சந்திரனில் ஒரு பள்ளத்துக்கு அவருடைய பெயர் வைத்திருப்பது உண்மை. ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவில் அவர் பறக்க முயன்ற கதையைப் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு எழுதி வைத்தவர் வரலாற்றாசிரியர் அல்-மக்கரி. அந்தக் கதையின் மற்றப் பாதியை நாம் அனுப்புவதில்லை. அவர் இறங்கும்போது முதுகில் காயப்பட்டார். காரணம், பறவை வாலைக் கொண்டுதான் இறங்குகிறது என்பதைக் கவனிக்காமல், வால் வைக்காமல் விட்டது என்று எழுதப்பட்டிருக்கிறது.

எனக்கு அந்தப் பாதிதான் பெறுமதியானது. அந்தப் பெரிய மனிதரும் ஒன்றைப் பார்க்காமல் விட்டார், அதை மறைக்காமல் எழுதி வைத்தார்கள், அதனால் பின்னால் வந்தவர்கள் படித்தார்கள். பெருமையை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, எங்கே பிழைத்தது என்று பார்க்கும் பழக்கத்தைக் கொடுக்காவிட்டால் அந்தப் பெருமையால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் பேசக் கூடாது என்று ஓதிக் கொடுக்கப்பட்டவர்கள் நாம். சேர்வோ எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்ப்பதும் ஒட்டகத்தைக் கட்டுவதுதான்.

ஏன் தடை வேண்டாம்?

தடை போட்டால் விமானங்கள் நிற்கும் என்று நினைக்கிறீர்களா? கடற்கரையில் நிற்கும். மொட்டை மாடிக்கும், றோட்டுக்கும், மையவாடிக்குப் பின்னாலுள்ள வெளிக்கும் போகும். பெரியவர் ஒருவரும் பக்கத்தில் இருக்கமாட்டார். விரல் வெட்டுப்பட்டால் வாப்பாவுக்குப் பயந்து துணியால் சுற்றி ஒளிப்பான். உப்பிய பற்றரியைக் கட்டிலுக்குக் கீழே ஒளிப்பான். நமக்குத் தெரியாமல் நடக்கும் விளையாட்டுத்தான் மிக ஆபத்தானது.

இன்னொன்று. இந்தப் பிள்ளைகள் போனைத் தூக்கி வைத்துவிட்டு, வெட்டி, ஒட்டி, கணக்குப் போட்டு, விழுந்தால் ஏன் விழுந்தது என்று யோசிக்கிறார்கள். கணிதத்தில் நாற்பது தாண்டாத ஒரு மாணவன் சமநிலைப் புள்ளியைக் கணக்கிட்டுக் காட்டினான். இதைப் பாடப்புத்தகத்தால் மட்டும் என்னால் செய்விக்க முடியவில்லை. போதைப்பொருள் நம் ஊர்களின் ஒழுங்கைகளுக்குள் வந்துவிட்ட காலத்தில், பின்னேரத்தில் பிள்ளைக்குச் செய்ய நல்ல வேலை ஒன்று இருப்பது சின்ன விஷயமல்ல.

ஆகவே நிர்வாகத்திடமும் பெற்றோரிடமும் நான் கேட்பது இவ்வளவுதான்.

கடற்கரையில், சனம் கூடும் நேரங்களில், வெள்ளி, சனி, ஞாயிறு பின்னேரங்களில் விமானம் விடக் கூடாது என்று தெளிவாக அறிவியுங்கள். அந்தளவில் தடைக்கு நானும் உடன்பாடு. அதற்குப் பதிலாக, அனுமதி கிடைத்த பிறகு, அறுவடை முடிந்த வட்டை ஒன்றில் கிழமைக்கு ஒரு நாள் காலையில் இடம் ஏற்பாடு செய்ய உதவுங்கள். பெரியவர் ஒருவர் இல்லாமல் யாரும் ஏற்றக் கூடாது. நான் வருவேன். இன்னும் இரண்டு பேர், முடிந்தால் மின்வேலை தெரிந்த நானாமார் யாராவது, முன்வந்தால் நல்லது. பற்றரிகளை ஒரே இடத்தில் வைத்து சார்ஜ் பண்ணச் சீமெந்துத் தரையுள்ள ஓர் அறை தேவை.

பரிசோதனைப் பட்டியல் எங்களிடம் தயார். பத்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் கையால் எழுதியது. பதினொரு வரி. செட்டை வெட்டுவதில் பையன்களை விடத் திறமையானவள். ஒரு வரிக்காவது அவள் சரி போடாவிட்டால் விமானம் ஏறாது, சேருடைய விமானமாக இருந்தாலும் சரி. போன கிழமை மேசையில் வைத்துப் பயிற்சி பார்த்தபோது என்னையே ஒரு தரம் நிறுத்தினாள். மோட்டாரின் பூட்டுச் சுவிட்சைப் போட நான் மறந்திருந்தேன். ஏழு இழைக்குப் பிறகும் மறந்தேன் என்றால், பட்டியல் ஏன் தேவை என்பதை நான் வேறு விளக்கத் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை பயந்துபோன அந்தச் சகோதரியின் வீட்டுக்கு நேற்று மஹ்ரிபுக்குப் பிறகு மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்டார்கள். அவருடைய கணவர் கோபமாகத்தான் இருந்தார், அவருக்கு அந்த உரிமை இருக்கிறது. கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான்: "இனி இப்படி நடக்காதெண்டு ஆரு பொறுப்பு?"

அந்தக் கேள்விக்கு நான் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். ஜும்ஆவுக்குப் பிறகு நடக்கும் கூட்டத்தில் இன்னும் சில பெயர்கள் சேர வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

எனக்குப் பிழை தெரிந்தால் கொமென்ட்டில் எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன். பிள்ளைகளை மட்டும் ஏச வேண்டாம். நம் பிள்ளைகள் அனைவரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.